சிறுநீர்க் கல்லை உடைக்கும் லேசர்

டிவிடி டிரைவிலும் லேசர் பிரிண்டரிலும் லேசர் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருத்துவமனையில் சிறுநீரகக் கல்லை உடைப்பதும் லேசர்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லேசர் என்ன வேலை செய்யும் என்பதை அதன் அலைநீளமும் திறனும்தான் முடிவு செய்கின்றன.

டிவிடியைப் படிக்கும் லேசர் 650 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி. திறன் சில மில்லிவாட் மட்டுமே. கல்லை உடைக்கப் பல ஆண்டுகளாகப் பயன்படும் ஹோல்மியம் லேசரின் அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்.

என் அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாயில் 9 மி.மீ. கல் இருந்தது. லேசர் என்றதும், "உள்ளே சதையைச் சுட்டுடாதாடா?" என்று பயந்தார். அவருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்.

எப்படி வேலை செய்கிறது?

உடலைக் கிழிப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர்ப் பாதை வழியாக யூரிட்டரோஸ்கோப் என்ற மெல்லிய கருவியைச் செலுத்துகிறார்கள். அதிலுள்ள கேமரா காட்டும் படத்தை மானிட்டரில் பார்த்தபடி, 1 மி.மீ.க்கும் குறைவான தடிமன் உள்ள ஃபைபரைக் கல்லின் அருகே கொண்டு செல்கிறார் டாக்டர். ஹோல்மியம் கதிரைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிவிடும். எனவே அது அரை மி.மீ. தூரத்திற்குள் அடங்கிவிடுகிறது. ஃபைபரின் முனை கல்லைத் தொட்டால் கல் உடையும். சதையைத் தொட்டால் சதையும் காயப்படும். அதனால்தான் டாக்டரின் கண் மானிட்டரை விட்டு அகலாது. சூடு ஏறாமலிருக்க உப்பு நீரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

செட்டிங்ஸ் உண்டு

பிரிண்டரில் பிரிண்ட் தரத்தை மாற்றுவது போல இதிலும் இரண்டு அளவுகளை மாற்றலாம். ஒரு துடிப்பின் ஆற்றல் ஒன்று; விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். உதாரணமாக,

* 1 ஜூல் × 10 துடிப்பு = 10 வாட். கல் துண்டுகளாகும். அவற்றைச் சிறு கம்பிக் கூடையால் எடுப்பார்கள்.
* 0.3 ஜூல் × 50 துடிப்பு = 15 வாட். கல் தூளாகிச் சிறுநீரோடு வெளியேறும்.

இப்போது 1,940 நானோமீட்டர் தூலியம் ஃபைபர் லேசரும் பயன்பாட்டில் உள்ளது. இது கல்லை இன்னும் நுண்ணிய தூளாக்கும்.

மறக்கக்கூடாத தேதி

சிகிச்சை முடிந்ததும் பலருக்குச் சிறுநீர்க் குழாயில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். வலி குறைந்ததும் சிலர் இதை மறந்தே போகிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மீதே கல் படியும், தொற்று வரும், சிறுநீரகமே கெடலாம். எனவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே அதை எடுக்க வேண்டிய தேதியைக் கேட்டு வாங்கி, உங்கள் கம்ப்யூட்டர் அல்லது மொபைல் காலண்டரில் ரிமைண்டர் வையுங்கள். வீட்டில் இன்னொருவர் மொபைலிலும் வைப்பது நல்லது. இடையில் காய்ச்சலோ குளிரோ வந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.