முடிந்துபோன வழக்கும் முடியாத வெரிஃபிகேஷனும்

காவலர் வேலைக்குப் போகிற பையன்களில் சிலருக்குக் கயிறு ஏறுவதைவிடப் பெரிய பயம், போலீஸ் வெரிஃபிகேஷன். ஊர்த் திருவிழாத் தகராறில் எஃப்.ஐ.ஆரின் கடைசியில் பெயர் சேர்ந்திருக்கும். இரு தரப்பும் ராசியாகி, சாட்சிகள் கோர்ட்டில் 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்றுவிட, விடுதலையும் ஆகியிருக்கும். 'உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுவான். அவன் கணக்கில் அது பொய்யே அல்ல. ஆனால் கேட்டது தண்டனையை அல்லவே, வழக்கை!

உச்ச நீதிமன்றமே இதில் பல காலம் ஒரே குரலில் பேசவில்லை. டெல்லி காவல்துறைக்கு விண்ணப்பித்த ஒருவர், சமரசத்தில் முடிந்த அடிதடி வழக்கை முதலில் மறைத்து, பிறகு தானே எழுதிக் கொடுத்தார். 2011-இல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இளவயதுத் தவறு என்று அவர் பக்கம் நின்றார்; விக்தர் ஹியூகோவின் ஜான் வல்ஜானைக்கூடத் துணைக்கு அழைத்தார். வேறு அமர்வுகளோ, மறைத்ததே குற்றம், வேலை போனது சரி என்றன. 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் நெறிமுறை வகுத்தார்கள்: கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம், கேட்காததைச் சொல்லவில்லை என்று தண்டிக்கக்கூடாது. அதே சமயம், உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை.

இந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) இன்னும் கறாரானது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவரே என்கிறது அதன் விளக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008-இல் இதை ஏற்றது. புகார்தாரர் கூண்டில் ஏறி மாற்றிப் பேசினால் அதற்கு விண்ணப்பதாரர் என்ன செய்வார்? கீழ்க் கோர்ட்டில் வக்கீலும் கட்சிக்காரரும் விடுதலை கிடைத்தால் போதும் என்றுதான் நிற்கிறார்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

ஆகவே, கேள்வியை இரண்டு முறை படியுங்கள். கைதா, வழக்கா, தண்டனையா, எதைக் கேட்கிறார்கள்? வழக்கென்றால் 'ஆம்' என்று எழுதி, காபி அப்ளிகேஷன் போட்டுத் தீர்ப்பு நகல் வாங்கி இணைத்துவிடுங்கள். நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவர்கள், அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை வக்கீலிடம் காட்டிக் கேட்பது நல்லது.