சடங்கில்லாத் திருமணம்: ஒசூரில் செல்லும், பெங்களூரில்?

புது தில்லி: புரோகிதர் இல்லாமல், முகூர்த்த நேரம் பார்க்காமல், உற்றார் உறவினர் முன்னிலையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ளும் இந்துத் திருமணம் ஒசூரில் சட்டப்படி செல்லும். சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரில் அதே முறையில் நடைபெற்றால், அது செல்லுமா என்பதே கேள்விக்குறியாகிவிடும்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் தமிழகம் செய்த திருத்தமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

7-ஏ பிரிவு: மணமக்களில் ஒருவரது மரபுவழிச் சடங்குகளின்படி திருமணம் நடைபெற வேண்டும் என்பது இச்சட்டத்தின் 7-ஆவது பிரிவு. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்த நிலையில், 1967-இல் முதல்வர் அண்ணாவின் அரசு 7-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. இதன்படி, பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிப்பதோ, மாலை அல்லது மோதிரம் மாற்றுவதோ, தாலி கட்டுவதோ போதுமானது. முன்னர் நடைபெற்ற சுயமரியாதைத் திருமணங்களும் இதனால் செல்லுபடியாயின. வழக்கறிஞர்கள் முன்னிலையிலும் இத்தகைய திருமணம் நடைபெறலாம் என 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

குவெம்பு காட்டிய வழி: எளிய திருமணம் கர்நாடகத்துக்குப் புதிதல்ல. ஞானபீட விருது பெற்ற முதல் கன்னட எழுத்தாளரான குவெம்பு, வரதட்சிணையும் ஆடம்பரமும் அற்ற "மந்திர மாங்கல்யம்" என்ற முறையை வகுத்தார். அவரது மகனும் எழுத்தாளருமான பூர்ணசந்திர தேஜஸ்வியின் திருமணம் 1966-இல் அம்முறையில்தான் நடைபெற்றது. இன்றும் பலர் அதைப் பின்பற்றுகின்றனர். எனினும், 7-ஏ போன்ற பிரிவு கர்நாடகத்தில் இல்லை.

பதிவுச் சான்று மட்டும் இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. உரிய சடங்குகள் நடைபெறாத இந்துத் திருமணத்துக்கு, பதிவுச் சான்று மட்டுமே சட்டத் தகுதியை அளித்துவிடாது என 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மணவாழ்வு சுமுகமாக இருக்கும்வரை இக்கேள்வி எழாது. ஜீவனாம்சம், சொத்துரிமை, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றில் தகராறு ஏற்படும்போது, பெரும்பாலும் மனைவிதான் பாதிக்கப்படுகிறார்.

மாற்று வழி: 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இதற்குத் தீர்வாக உள்ளது. அதன் 12-ஆவது பிரிவு, மணமக்கள் விரும்பும் எந்த முறையிலும் திருமணம் நடத்த அனுமதிக்கிறது. திருமண அதிகாரி, 3 சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில் உறுதிமொழி கூற வேண்டும் என்பதே நிபந்தனை. கூடுதல் கட்டணம் செலுத்தினால், அலுவலகத்திலிருந்து நியாயமான தொலைவுக்குள் உள்ள வேறிடத்திலும் நடத்தலாம்.

ஆனால், மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள்கள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் வெளியிட்ட பிறகு ஆட்சேபங்களுக்காக மேலும் 30 நாள்கள் காத்திருக்க வேண்டும். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், அங்குள்ள அதிகாரிக்கும் நோட்டீஸ் அனுப்பப்படும். வேலை நிமித்தம் பெங்களூரில் வசித்து, சாதி மறுத்து மணம்புரிய விரும்புவோருக்கு, சொந்த ஊர் வரை செல்லும் இந்த நோட்டீஸே பெரும் அச்சமாக உள்ளது.

திருமணம் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே, 7-ஏ பிரிவை நாடு முழுமைக்கும் விரிவுபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் கர்நாடகமும் தமிழகத்தைப் பின்பற்றலாம். அதுவரை, எளிய மணவிழாவுக்குத் திட்டமிடும் பெங்களூர் ஜோடிகள் மண்டபத்துக்கு முன்பதிவு செய்வதற்கு முன்னரே திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் அளித்துவிடுவது நல்லது.