பட்டறைக்காரரும் நம்மைப்போல ஒரு வியாபாரிதான்

ஆறும் கடலும் இல்லாத வானம் பார்த்த பூமியில் பெரிய சந்தையை உருவாக்கிக் காட்டிய ஊர் விருதுநகர். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று வெளியூர்ச் சரக்கை இங்கே கொண்டுவந்து, தரம் பிரித்து, மறுபடியும் வெளியூருக்கு அனுப்பியே இந்த ஊர் பிழைத்தது. முதலில் மாட்டு வண்டி, பிறகு ரயில், அதன்பின் லாரி என்று சக்கரம் மாறியதே தவிர, சக்கரத்தை நம்பிய பிழைப்பு மாறவில்லை. பக்கத்தில் சிவகாசியின் கதையும் இதுதான். 1923-இல் இரண்டு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் நாடு முழுவதும் போய்ச் சேருவது பெரும்பாலும் லாரியில்தான்.

2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு, நம்மைப் போன்ற நடுத்தர வியாபாரிகளும் சொந்த வண்டிக்காரர்கள் ஆனோம். மக்கள் அதைக் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கிறார்கள். யானையை வாங்கிய நாம், அந்த யானைக்கு வைத்தியம் பார்க்கும் மனிதரைப் பற்றி என்றாவது யோசித்திருக்கிறோமா? இதை எழுதத் தூண்டியது சென்ற பங்குனி மாதம் நடந்த ஒரு சம்பவம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் ஒரு நாள் மாலை நம் கடைக்கு வந்தார். பெயர் வேண்டாம். நம்மில் பலருடைய வண்டிகள் அவர் கைபட்டு ஓடியவை. நள்ளிரவில் சாத்தூர் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது என்று போன் செய்தாலும், முணுமுணுக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்.

"அண்ணாச்சி, சித்திரையோட பட்டறையைச் சாத்திரலாம்னு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் மேஸ்திரி, வேலை இல்லையா?" என்று கேட்டோம்.

"வேலைக்குக் குறைவில்லை அண்ணாச்சி. வேலை பார்த்த காசுதான் வரமாட்டேங்குது" என்றவர், கிரீஸ் கறை படிந்த நோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

அது அவருடைய பாக்கிப் பேரேடு. பக்கம் பக்கமாக நம் மார்க்கெட் கடைகளின் பெயர்கள். அதில் நம் கடைப் பெயரும் இருந்தது. கிளட்ச் பிளேட் மாற்றியது, பட்டை மாற்றியது, பிரேக் வேலை என்று 14,600 ரூபாய். ஐந்து மாதப் பாக்கி. கணக்குப்பிள்ளை "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பியது நமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் சரியல்ல. நாம் கேட்கவில்லை என்பதே உண்மை.

வாரத்துக்கு ஒரு முறை சில்லறைக் கடைக்காரரிடம் ஆள் அனுப்பி வசூல் செய்கிறோம். தவணை தவறினால் அடுத்த சரக்கை நிறுத்துகிறோம். அதே நாம், நம் சரக்கைச் சுமக்கும் வண்டியை ஓட வைத்தவரை ஐந்து மாதம் அலைய விட்டிருக்கிறோம்.

ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்குக் கொடுப்பவர்

பட்டறைக் கணக்கை அவர் வாயால் கேட்டபோதுதான் அதுவும் ஒரு மளிகைக் கடைக் கணக்கு போன்றதே என்பது புரிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அவர் பெரும்பாலும் ரொக்கம் கொடுத்தே சாமான் எடுக்க வேண்டும். லேத் பட்டறைக்கும் நாசில் சர்வீசுக்கும் டிங்கருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் அன்றன்றே பணம் தர வேண்டும். வேலையாட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். இடத்துக்கு மாத வாடகை. இவ்வளவும் கையிலிருந்து போன பிறகு, வண்டிக்காரர் "எழுதி வையுங்க மேஸ்திரி" என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். நம்மிடம் கடன் கேட்பவருக்குச் சரக்கை நிறுத்தி வைக்க நம்மால் முடியும். அவரோ சரிசெய்த வண்டியைப் பிடித்து வைத்தால், நம் லோடு நின்றுவிடும் என்று அவரே இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்.

இன்னொரு சங்கடம் கூலி. சாமான் விலைக்குப் பில் இருப்பதால் அதில் யாரும் பேரம் பேசுவதில்லை. "ரெண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டினதுக்கு இவ்வளவா?" என்று கூலியில்தான் கை வைக்கிறோம். எந்த போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். மல்லியைக் கையில் அள்ளிப் பார்த்தே ரகம் சொல்லும் நமக்கு இது விளங்காமல் போகலாமா?

சாமானிலும் மூன்று ரகம் உண்டு. வண்டிக் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவது ஒன்று. பெயர் பெற்ற மற்ற தயாரிப்பாளர்கள் செய்வது இரண்டாவது. இதில் தவறு ஒன்றும் இல்லை. இவற்றைப் பார்த்துப் பெட்டி அச்சடித்து வரும் போலி மூன்றாவது. விலையைக் குறைக்கச் சொல்லி நாம் நெருக்கும்போது, வலுக்கட்டாயமாக அவரை மூன்றாவது ரகத்தை நோக்கித் தள்ளுகிறோம். பிரேக் சாமானில் அந்த மிச்சம் பிடித்தால், நஷ்டத்தைக் கொடுப்பது உயிராக இருக்கும்.

காதால் கேட்ட காலம் போய்

முன்பெல்லாம் அம்பாசிடரோ பழைய டீசல் லாரியோ வந்தால், மேஸ்திரி சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த அம்பாசிடர் 2014-இல் தயாரிப்பே நின்றுபோனது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.4 வண்டிகள் வந்தன. அதற்கு மூன்றே ஆண்டுகளில், பி.எஸ்.5 என்ற படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயம் ஆனது. டீசலில் இருக்கக்கூடிய கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. காற்றுக்கு இது நல்லது. ஆனால் இஞ்சினிலும் சைலன்சரிலும் சென்சார்கள் பெருகிவிட்டன. ஸ்கேனர் மாட்டிப் பார்க்காமல் எது கெட்டது என்று சொல்ல முடியாத நிலை. ஸ்கேனர் வாங்குவது ஒரு செலவு; புது மாடல்களுக்கு ஏற்ப அதன் சாப்ட்வேரைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது மற்றொரு செலவு.

செலவுக்குத் துணிந்தாலும், கம்பெனிகள் சாமானையும் தொழில்நுட்ப விவரத்தையும் தங்கள் சொந்த சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும் தந்தால் வெளிப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்வி டில்லி வரை போனது நம்மில் பலருக்குத் தெரியாது. 2011-இல் வந்த ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தையில் தடையின்றிக் கிடைக்கச் செய்யாதது போட்டிக்கு விரோதமானது என்பதே தீர்ப்பின் சாரம். வெளிப் பட்டறையில் வேலை பார்த்ததற்காக மட்டும் வாரண்டியை அடியோடு ரத்து செய்யக்கூடாது என்றும் ஆணையம் கூறியது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. பின்னர், பொருள்களைப் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-இல் ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனங்களும் உண்டு. பெரிய கம்பெனிக்கும் சிறு கடைக்கும் நடக்கும் போராட்டம் மளிகைக்கு மட்டும் உரியதல்ல என்பதை இது காட்டுகிறது.

கரிசல் ரோடும் பட்டாசு சீசனும்

நம் பக்கத்துப் பட்டறைகளுக்கென்று தனிக் கஷ்டங்களும் உண்டு. பட்டாசு ஆலைகள் ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இருக்கின்றன. மண் பாதையில் லோடு ஏற்றி இறங்கும் வண்டிக்குப் பட்டை முறிவதும் சைலன்சர் அடிபடுவதும் சகஜம். பட்டாசு ஏற்றும் வண்டியில் வயரிங் தோல் உரிந்திருந்தாலோ, சைலன்சரில் பொறி பறந்தாலோ என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வண்டியில் மேஸ்திரியின் கவனம் இருமடங்கு இருக்க வேண்டும். அவசரமோ நான்கு மடங்கு இருக்கிறது. ஆடி பிறந்து தீபாவளி முடியும் வரை, "இன்று ராத்திரியே வண்டி வேண்டும்" என்பதுதான் எல்லோருடைய பேச்சும்.

சீசன் நின்றாலும் அவருக்கே அடி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடையும் பசுமைப் பட்டாசு நிபந்தனையும் விதித்தது. அதைத் தொடர்ந்து நவம்பரில் மூடப்பட்ட ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. 2020-இல் ஊரடங்கு வந்தது. ஓடாத வண்டிக்கு ரிப்பேரும் இல்லை, ஓடிய காலத்துப் பாக்கியும் வரவில்லை.

ஆள் கிடைக்காதது அடுத்த பிரச்னை. பள்ளிக்குப் போகாத சிறுவர்களை ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வைத்துத் தொழில் பழக்கிய காலம் ஒன்று இருந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது இன்று குற்றம். அது நியாயமான சட்டம். பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் ஐ.டி.ஐ. முடித்து வரும் இளைஞர் மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உள்ள கம்பெனியைத்தான் தேடுவார். அவரைப் பட்டறையில் நிறுத்த வேண்டுமானால், ஒழுங்கான சம்பளம் தர வேண்டும். அந்தச் சம்பளம் எங்கே இருக்கிறது? நம் பாக்கி நோட்டில்தான் இருக்கிறது.

வரியும் சட்டமும்

ஜி.எஸ்.டி. வந்த 2017 முதல் பல உதிரி பாகங்களுக்கு 28 சதவீதம் வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதம் என்று ஒரே விகிதமானது நல்ல செய்தி. ஆனால் பதிவு பெறாத சிறு பட்டறைக்காரரால் வரி பில் தர முடியாது. சரக்கு வண்டி ரிப்பேருக்கு உள்ளீட்டு வரி எடுக்க விரும்பும் வியாபாரி, பில் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். பழைய இஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் விடக்கூடாது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும் என்பது 2016 விதி. பேட்டரிக்கு 2022-இல் தனி விதி வந்தது. எல்லாம் தேவையானவைதான். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நம்மைப் போல ஒரு சங்கம் வேண்டும்.

நமக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு சேவைத் தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால், பணத்தை உண்மையில் கொடுக்கும் வரை அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 நிதியாண்டு முதல் இது நடைமுறை. பட்டறை ரிப்பேர் பில்லுக்கும் இது பொருந்தும். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியவை

அன்றைக்கே நம் பாக்கியைத் தீர்த்தோம். மற்ற கடைக்காரர்களிடமும் பேசினோம். பாதிக்கு மேல் வசூலாயிற்று. ஆனாலும் பட்டறை நிற்கவில்லை. இடத்தைக் காலி செய்வதாக அவர் முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார். வைகாசியில் நம் வண்டிக்கு கியர் பாக்ஸ் கோளாறு வந்தபோது, சர்வீஸ் சென்டரில் நான்கு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்த நான்கு நாளும் வெளி வண்டிக்குக் கொடுத்த வாடகை, நாம் ஐந்து மாதம் நிறுத்தி வைத்த பாக்கியில் பெரும்பகுதி.

ஆகவே நம் உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்:

1. பட்டறை பில்லை மாதாமாதம் 7-ஆம் தேதிக்குள் தீர்த்துவிட வேண்டும். பெரிய வேலையானால் சாமானுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

2. கூலியை வேலைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். வேலை முடிந்த பின் குறைக்கக் கூடாது.

3. ஆயில் மாற்றுதல், பிரேக், பட்டை ஆகிய வேலைகளைச் சீசனுக்கு முன்பே, ஆனி மாதத்தில் முடித்துக்கொள்ளலாம். நமக்கும் நிம்மதி, அவருக்கும் மந்த காலத்தில் வேலை.

4. ஸ்கேனரை நான்கைந்து பட்டறைகள் கூட்டாக வாங்க முன்வந்தால், சங்கம் வங்கியில் பேசி உதவலாம்.

பட்டறை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொன்ன தேதிக்கு வண்டியைக் கொடுங்கள். மாற்றிய பழைய சாமானைப் பையில் போட்டுத் திருப்பித் தாருங்கள். சிறு தொகையானாலும் பில் எழுதுங்கள். நம்பிக்கைக்கு அதுவே முதல்.

தராசு பிடிப்பவர் கை நாணயமாக இருக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். சரக்கு விற்கும்போது மட்டுமல்ல, பாக்கி கொடுக்கும்போதும் அந்தத் தராசு நேராக நிற்க வேண்டும். இந்த இதழைப் படித்து முடித்ததும், கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, பட்டறைக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். மற்றது தானே நடக்கும்.