காரியாலயம் இடம் மாறினால் கடைத்தெருவுக்கு என்ன நட்டம்?

2003 ஒக்டோபரில் எச்.எஸ்.பி.சி. வங்கி பிரித்தானியாவிலிருந்த 4000 வேலைகளை ஆசிய நாடுகளுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. அதே காலத்தில் லொயிட்ஸ் டி.எஸ்.பி. வங்கியும் நியூகாசில் நகரிலிருந்த தனது தொலைபேசிச் சேவை நிலையத்தை மூடி, அவ்வேலையை இந்தியாவுக்குக் கொண்டு செல்லத் தீர்மானித்தது. ஆசியாவில் சம்பளச் செலவு குறைவு என்பதே காரணம். ஆனால் 2007இல் அதே லொயிட்ஸ் தனது மும்பை நிலையத்தையும் மூட முடிவு செய்தது. இலாபக் கணக்கோடு வந்த வேலை, கணக்கு மாறியதும் போய்விட்டது.

வவுனியா வியாபாரிகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2009இல் யுத்தம் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்காக வந்த உதவி நிறுவனங்களால் நகரில் வீட்டு வாடகையும் வியாபாரமும் சூடு பிடித்தன. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. நிறுவனங்கள் போயின, அவற்றை நம்பிய வியாபாரமும் போனது.

இன்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நகரங்களில் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் கிளை வைத்திருக்கின்றன. ஒரு கிளையை மூடுவதா, இன்னொன்றோடு சேர்ப்பதா என்பதைப் பெரும்பாலும் கொழும்புத் தலைமையகமே தீர்மானிக்கிறது. இருபது பேர் வேலை செய்யும் கிளையொன்று போனால் அந்த இருபது பேரின் பகல் சாப்பாடு, தேநீர், அறை வாடகை, முச்சக்கர வண்டிக் கூலி எல்லாம் போகும். பணம் எடுக்க வரும் கிராமத்தவர் திரும்பும் வழியில் வாங்கும் சாமானும் போகும்.

இதில் அதிகம் பாதிக்கப்படுபவர் யார்? 15 பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஓர் ஊழியரை நிறுத்துவதானால், அவரது எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். வங்கி ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அவருக்குச் சாப்பாடு பரிமாறும் கடைப் பையனுக்கு இல்லை. நம்மவர் கடைகளில் பெரும்பாலும் நாலைந்து பேர்தானே வேலை செய்கிறார்கள்.

ஆகவே மூன்று விடயங்களைக் கவனிப்போம். முதலாவது, மாத விற்பனையில் ஒரே காரியாலயத்தை நம்பியிருப்பது எவ்வளவு என்று கணக்கெடுங்கள். கால்பங்கைத் தாண்டினால் வேறு வாடிக்கையாளரையும் தேடுங்கள். இரண்டாவது, உத்தியோகத்தர்களுக்குக் கொடுக்கும் கடனுக்கு எல்லை வையுங்கள். இடமாற்றம் வந்தபின் அறவிடுவது கஷ்டம். கடனை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நம்மில் பலர் அதை வாய்வார்த்தையோடு விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, ஊழியர் ஒருவரே இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: அவரது பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். இதை வீண் செலவாக நினைப்போர் உண்டு. வியாபாரம் சுருங்கி ஆளை நிறுத்த நேர்ந்தால், அந்தக் குடும்பத்தின் பேரில் மிஞ்சியிருக்கும் சேமிப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும். வங்கி போவதை நம்மால் தடுக்க முடியாது. நம் கடைப் பையன் வெறுங்கையோடு போவதைத் தடுக்கலாம்.