சவூதி அரேபியாவில் பெண் பயணிகளின் உடை

சவூதி அரேபியாவில் பெண் பயணிகளின் உடை என்னும் இக்கட்டுரை, சுற்றுலா, தொழில், புனிதப் பயணம் ஆகிய நோக்கங்களுக்காக அந்நாட்டுக்குச் செல்லும் பெண்கள் பொதுவிடங்களில் எவ்வாறு உடுத்தவேண்டும் என்பதை விளக்குகின்றது. நெடுங்காலமாக இக்கேள்விக்கு அபாயா என்னும் ஒரே சொல் விடையாக இருந்தது. 2019 ஆம் ஆண்டின் பின் வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் சட்டம் மாறிய வேகத்தில் வழக்கம் மாறவில்லை. கோடையில் 45 பாகை செல்சியசைத் தாண்டக்கூடிய வெப்பமும் பயணி கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்றாகும்.

பெயரும் அமைப்பும்

அபாயா என்பது தோளிலிருந்து கணுக்கால் வரை தொங்கும், நீண்ட கைகளையுடைய தளர்வான மேலங்கி ஆகும். உள்ளே அணிந்த உடையின் மீது இது அணியப்படுகின்றது. தலையை மறைக்கும் துணி தர்ஹா என்றும், கண்கள் மட்டும் தெரியுமாறு முகத்தை மறைக்கும் துணி நிகாப் என்றும் அழைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் இம்மேலங்கியைப் பர்தா என்றும் புர்கா என்றும் பொதுவாகக் கூறுவதால், மூன்றும் ஒன்றே என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அபாயா முகத்தை மறைப்பதில்லை. நிகாப் தனியானது, வெளிநாட்டுப் பெண்கள் முகத்தை மறைக்கவேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கப்படுவதும் இல்லை.

வரலாறு

கறுப்பு அபாயா அரேபியத் தீபகற்பத்தின் எல்லாப் பெண்களுக்கும் உரிய தொன்மையான உடை என்று கருதுவது சரியன்று. தென்மேற்கிலுள்ள அசீர் மலைப்பகுதிப் பெண்கள் வண்ணத் தையல் வேலை செய்த ஆடைகளுடன் அகன்ற வைக்கோல் தொப்பி அணிந்து வயலில் வேலை செய்தனர். இசாசு, நச்து ஆகிய பகுதிகளுக்கும் தனித்தனி உடை மரபுகள் இருந்தன. நாடு முழுவதும் ஒரே கறுப்பு உடை பரவியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1979 நவம்பரில் ஆயுதக் குழுவொன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றியது. அதன் பின்னர் அரசு சமய அறிஞர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்ததால் உடைக் கட்டுப்பாடு மேலும் இறுகியது.

இக்கட்டுப்பாட்டைத் தெருவில் நடைமுறைப்படுத்தியவர்கள், மக்கள் வழக்கில் முத்தவ்வா எனப்பட்ட சமயக் காவலர் ஆவர். 2002 மார்ச் 11 அன்று மக்காவில் பெண்கள் பள்ளியொன்றில் ஏற்பட்ட தீவிபத்தில் 15 மாணவிகள் உயிரிழந்தனர். உரிய உடையின்றி வெளியே ஓடிவந்த மாணவிகளைச் சமயக் காவலர் தடுத்தனர் என்று சவூதி நாளிதழ்களே எழுதின. அரசின் விசாரணை இக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை; எனினும் பெண்கள் கல்வியின் பொறுப்பு சமயத் துறையிடமிருந்து கல்வி அமைச்சுக்கு மாற்றப்பட்டது. 2016 ஏப்ரலில் சமயக் காவலரின் கைது செய்யும் அதிகாரம் நீக்கப்பட்டது.

வெளிநாட்டுப் பெண்களும் அபாயாவும்

சவூதியில் பணிபுரிந்த அமெரிக்கப் படைப்பெண்கள் தளத்துக்கு வெளியே செல்லும்போது அபாயா அணியவேண்டும் என்று அமெரிக்கப் படைத்துறையே விதித்திருந்தது. போர்விமானியான மார்த்தா மெக்சாலி இதனை எதிர்த்து 2001 டிசம்பரில் வழக்குத் தொடுத்தார். அடுத்த மாதமே அக்கட்டாயம் விலக்கப்பட்டது. இங்கே வழக்குத் தொடரப்பட்டது சவூதி அரசின் மீதன்று என்பது கவனிக்கத்தக்கது. 2015 சனவரியில் மன்னர் அப்துல்லாவின் மறைவுக்குத் துயரம் தெரிவிக்கச் சென்ற மிசெல் ஒபாமா, தலையை மூடாமல் நீண்ட தளர்வான உடையில் தோன்றினார். அரச விருந்தினருக்குக் கிடைத்த இச்சலுகை அக்காலத்தில் பிறருக்குக் கிடைக்கவில்லை.

2018 மார்ச்சில் பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அளித்த செவ்வியில், ஆண்களைப் போலவே பெண்களும் கண்ணியமான உடை அணியவேண்டும் என்பதே சட்டம் என்றும், அது கறுப்பு அபாயாவைக் குறிப்பிடவில்லை என்றும் கூறினார். 2019 செப்டம்பரில் 49 நாடுகளின் குடிமக்களுக்கு முதன்முதலாக இணையவழிச் சுற்றுலா நுழைவிசைவு வழங்கப்பட்டபோது உடை விதியும் தெளிவாக்கப்பட்டது. பெண்கள் தோள்களையும் முழங்கால்களையும் மறைக்கவேண்டும். இறுக்கமான உடையை இரு பாலாரும் தவிர்க்கவேண்டும். அப்போதே வெளியிடப்பட்ட, தண்டப்பணத்துக்குரிய 19 பொது ஒழுக்கக் குற்றங்களுள் கண்ணியமற்ற உடையும் ஒன்றாகும்.

இத்தளர்வு உள்நாட்டுப் பெண்களுக்கும் அதே அளவில் கிடைத்துவிட்டது என்று பயணி எண்ணிவிடக் கூடாது. 2018 நவம்பரில் சவூதிப் பெண்கள் சிலர் அபாயாவை உட்புறம் வெளியாகத் திருப்பி அணிந்து படமெடுத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். 2024 சனவரியில் ஒரு சவூதிப் பெண்ணுக்கு 11 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் அபாயா இன்றிக் கடைக்குச் சென்ற காணொளிகளை வெளியிட்டதும் வழக்கில் சுட்டப்பட்டவற்றுள் ஒன்று. தண்டனை பயங்கரவாதக் குற்றங்களுக்கானது என்று அரசு கூறியது. ஆகவே உடன்வரும் சவூதித் தோழி அபாயாவைக் களையாமல் இருப்பதற்கு அவருடைய விருப்பம் மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. அவரை வற்புறுத்துவதும், அவருடைய படத்தை இசைவின்றி வெளியிடுவதும் அவருக்கே தீங்காக முடியலாம்.

வெப்பமும் உடையும்

கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி எப்படிப் பொருந்தும் என்பது பலரும் கேட்கும் கேள்வியாகும். நேச்சர் ஆய்விதழில் 1980 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தேடியது. பாலைவன நண்பகலில், 35 முதல் 46 பாகை வரையான வெப்பத்தில், ஒருவர் கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி முதலியவற்றை மாறிமாறி அணிந்து நின்றார். கறுப்புத் துணி கூடுதலாக வெப்பத்தை உறிஞ்சியது உண்மை. ஆனால் உடல் பெற்ற வெப்பம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. துணிக்கும் தோலுக்கும் இடையிலுள்ள காற்று சூடாகி வெளியேறும்போது, அந்தக் கூடுதல் வெப்பத்தைத் தோலை அடையுமுன்னரே கொண்டுசென்றுவிடுவதே காரணம்.

இதிலிருந்து நிறத்தைவிடத் தளர்வே முதன்மையானது என்பது தெரிகின்றது. ஆனால் இது வறண்ட பாலைவனக் காற்றுக்குரிய முடிவு. செங்கடற்கரையிலுள்ள ஜித்தாவில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. கடைகளில் விற்கும் அபாயாக்களில் பெரும்பாலானவை பாலியெசுட்டர் துணியாலானவை. உள்ளே பருத்தி உடை அணிந்தால் உடலில் ஒட்டுவது குறையும். ஜீன்சின் மீது அபாயா அணிவது பலரும் செய்யும் தவறு. நம் நாட்டுத் தளர்வான பருத்திச் சல்வார் கமீசு, துப்பட்டாவுடன், தனியாகவே விதிக்கு உட்பட்டது, வெப்பத்துக்கும் ஏற்றது. தரையைத் தொடும் நீள அபாயா நகரும் படிக்கட்டுகளில் சிக்கக்கூடும் என்பதால் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் அளவை எடுப்பது நல்லது.

எல்லா இடமும் வெப்பமானதும் அன்று. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள அப்ஃகா கோடையிலும் குளிர்ச்சியானது. ரியாத், அல் உலா ஆகியவற்றின் குளிர்கால இரவுகளுக்குக் கம்பளி உடை தேவைப்படும். கடைத்தொகுதிகளின் குளிரூட்டல் கோடையிலும் சால்வை கேட்கும்.

இடத்துக்கேற்ற வேறுபாடுகள்

ஜித்தாவிலும் ரியாத்தின் புதிய பகுதிகளிலும் வண்ண அபாயாக்களையும், முன்புறம் பொத்தானிடாமல் விடப்பட்டவற்றையும், அபாயா அணியாத வெளிநாட்டுப் பெண்களையும் காணலாம். புரைதா போன்ற பழமை பேணும் நகரங்களிலும் சிற்றூர்களிலும் அபாயாவும் கழுத்தில் ஒரு தலைத்துணியும் இருப்பின் தேவையற்ற பார்வைகள் குறையும். சில தனியார் கடற்கரைகளில் நீச்சலுடைக்கு இடமுண்டு. பொதுக் கடற்கரைகளில் இல்லை. பள்ளிவாசலுக்குள் செல்லும்போது தலையை மறைத்தல் வேண்டும். முஸ்லிமல்லாதோர் மதீனா நகருக்குச் செல்லலாம். ஆனால் நபியின் பள்ளிவாசல் எல்லைக்குள்ளோ மக்காவினுள்ளோ செல்ல முடியாது.

புனிதப் பயணம்

ஹஜ், உம்ரா ஆகியவற்றின்போது ஆண்கள் தைக்கப்படாத இரு வெள்ளைத் துணிகளை அணிவர். பெண்களுக்கு அவ்வாறான தனி உடை இல்லை. முகமும் கைகளும் தவிர உடலை மறைக்கும் எந்தத் தளர்வான உடையும் போதுமானது. நிறத்துக்கும் விதி கிடையாது. இஹ்ராம் நிலையில் நிகாபும் கையுறையும் அணியக்கூடாது என்பது பலர் அறியாத செய்தி. 2024 சூனில் மக்காவில் வெப்பம் 51.8 பாகையை எட்டியது. அவ்வாண்டு ஹஜ்ஜின்போது 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள். இவ்வளவு வெப்பத்தில் எந்த உடையும் தனியே காக்காது. குடையும் நீரும் உடன் இருக்கவேண்டும். நண்பகலில் நிழலை விட்டு வெளியேறாதிருத்தல் வேண்டும்.