இருதய நோயாளருக்குக் காய்ச்சல் வந்தால்

காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போனால், "வேறு வருத்தம் ஏதும் உண்டோ?" என்று வைத்தியர் கேட்பார். "இருதய வருத்தம் இருக்குது, ஐயா" என்று சொல்லும் நாம், சீனி வருத்தத்தையும் பிரஷரையும் சொல்ல மறந்துவிடுகிறோம். அவை பழகிப்போனவை. ஆனால், வைரசுக் காய்ச்சல் கண்ட இருதய நோயாளர் தேறுவதும் மோசமடைவதும் இந்தப் பழைய வருத்தங்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

2020 பெப்ரவரியில், கொவிட் பரவத் தொடங்கிய வேளையில், சீன நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 44,672 நோயாளரின் விபரங்களை வெளியிட்டது. வேறு நோய் இல்லாதோரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 0.9 வீதம். உயர் குருதி அமுக்கம் உள்ளோரில் 6.0, நீரிழிவு உள்ளோரில் 7.3, இருதய நோயாளரில் 10.5 வீதம். நோயுள்ளோரிற் பலர் முதியவர்கள் என்பதையும், அப்போது தடுப்பூசி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்கவேண்டும்.

கொவிட் மட்டுமல்ல. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில், இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படுவது ஏனைய காலத்தைவிட ஆறு மடங்காகக் காணப்பட்டது. காய்ச்சலின்போது இருதயம் விரைந்து துடிக்கிறது. அதற்குக் கூடுதலான ஒட்சிசன் வேண்டும். இரத்தமும் இலகுவில் உறைகிறது. ஏற்கெனவே ஒடுங்கிய குழாய்கள் இதை எப்படித் தாங்கும்?

நீரிழிவு இங்கே இரண்டு விதமாகக் கெடுதி செய்கிறது. காய்ச்சலில் சீனி ஏறுகிறது. ஏறிய சீனி கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கிறது. மற்றது, நெடுநாள் நீரிழிவினால் நரம்புகள் பழுதடைந்தவருக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு நோகாமல் இருக்கலாம். வியர்வை, மூச்சு வாங்குதல், களைப்பு இவ்வளவுதான் தெரியும். வீட்டார் இதைக் "காய்ச்சல் களை" என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவார்கள்.

சிறுநீரகம் பழுதடைந்தவரின் நிலை இன்னும் சிக்கலானது. சத்தியெடுத்து உடல் வற்றிய நிலையில் சலம் போகும் குளிசையையும் வழக்கம்போல் விழுங்கி, உடல் உளைவுக்கு டைக்குளோபெனக்கும் போட்டால் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கக்கூடும். காய்ச்சலுக்கு நாம் அன்போடு வெட்டிக் கொடுக்கும் செவ்விளநீரும் இவருக்கு ஆபத்தாகலாம். அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது. இரத்தத்தில் அது கூடினால் இருதயத்துடிப்பே குழம்பும். எனலாப்பிரில், லொசாட்டன் போன்ற பிரஷர்க் குளிசைகளும் பொட்டாசியத்தைக் கூட்டுபவை.

டெங்கு பரவும் மாதங்களில் அஸ்பிரின் பற்றிய கேள்வியும் எழும். டெங்குவில் இரத்தப்பெருக்கு ஏற்படலாம். அஸ்பிரின் அதைக் கூட்டும். எனினும், இருதயக் குழாயில் வளையம் வைத்தவர் தானாக அதை நிறுத்தினால் குழாய் அடைபடலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும். ஆகவே இத்தகையவர்கள் காய்ச்சல் தொடங்கிய அன்றே, கிளினிக் கொப்பியையும் போடும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் இட்டு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அதுவரை காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், உரிய அளவில் போடலாம்.