உஷார்! கடைசி நாலு கிலோவுக்காக ஈரலைப் பறிகொடுக்காதீர்கள்

தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டாயிற்று. இரவுப் புட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது. விடியற்காலையில் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரை வீதியால் வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம் வரைக்கும் கை வீசி நடந்து வருகிறீர்கள். முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது. பிறகு ஒன்றுமில்லை. இன்னும் நாலு கிலோ போனால் போதும், அதுதான் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

இந்த இடத்தில்தான் உஷாராக வேண்டும். ஏனென்றால் இப்படி அலுத்துப்போய் நிற்கிறவரைத்தான் ஒரு கூட்டம் தேடித் திரிகிறது. நூறு கிலோக்காரர் எப்படியும் வைத்தியரிடம் போவார். நாலு கிலோக்காரருக்கு அங்கே போகக் கூச்சம். பேஸ்புக்கில் “பதினைந்து நாளில் ஐந்து கிலோ, முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லை” என்று ஓடுகிற விளம்பரத்துக்கு ஒரு செய்தி தட்டிவிடுவது அதைவிட லேசு. காசு வங்கிக் கணக்குக்குப் போகும், குளிசை கூரியரில் வீட்டுக்கு வரும். போத்தலில் இலையும் பூவும் அச்சடித்திருப்பார்கள். யார் செய்தது, எங்கே செய்தது, பதிவிலக்கம் என்ன என்று தேடினால் ஒன்றும் இராது. ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வருகிற காலமும் கலியாண வீடுகளும் நெருங்க நெருங்க இந்த ஆசை கூடும். பழைய சாறிச் சட்டை கொள்ள வேண்டுமே!

அந்தக் குளிசை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. அது வேலை செய்யும், ஆபத்தே அதுதான். இரண்டாம் நாளே பசி செத்துவிடும், வாய் உலரும், நித்திரை வராது, நெஞ்சு படபடக்கும். “உடம்பில் கொழுப்பு எரிகிறது, அதுதான்” என்று விற்றவர் சமாதானம் சொல்வார். கொழுப்பு எரிந்து ஒருவருக்கும் நெஞ்சு படபடப்பதில்லை. மூலிகை என்று வாங்கிய ஒன்று இரண்டு நாளில் பசியைக் கொன்றால் உள்ளே வேறேதோ கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேறேதோவுக்குப் பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்ப அகப்பட்ட பெயர் சிபியூட்ரமின். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, மெரிடியா என்ற பெயரில் வைத்தியர்களே எழுதிக்கொடுத்த மருந்துதான் இது. மூளையில் பசியை அடக்கும். கூடவே இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். இதயநோயோ நீரிழிவோ உள்ள பத்தாயிரம் பேரளவில் வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் ஆபத்து 16 வீதம் கூடியது தெரிந்தது. 2010 ஜனவரியில் ஐரோப்பா நிறுத்தியது, ஒக்டோபரில் அமெரிக்காவில் தயாரித்த நிறுவனமே விலக்கிக்கொண்டது, 2011இல் இந்தியா தடைசெய்தது. மருந்துக்கடையை விட்டுத்தான் போனதே தவிர, உலகத்தை விட்டுப் போகவில்லை. மூலிகைக் குளிசை, மெலியவைக்கும் கோப்பி, பழச்சாற்றுத் தூள் என்று வேடம் மாற்றி வந்துகொண்டே இருக்கிறது. வைத்தியர் தந்தபோது அழுத்தத்தை அளந்து, அளவு பார்த்துத் தந்தார். இப்போது ஒரு குளிசைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அதை உருட்டியவருக்கே தெரியாது. மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் இதையும் விழுங்கினால் ஆபத்து இரட்டிப்பு.

2002இல் சிங்கப்பூரில் நடந்ததை எங்கள் பெட்டையள் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி நடிகை அன்ட்ரியா டி குரூஸ் ஒன்றும் குண்டான ஆள் இல்லை. இன்னும் கொஞ்சம் மெலியவேண்டும் என்று ஸ்லிம் 10 என்ற சீன மூலிகைக் குளிசையை எடுத்தார். ஈரல் அடியோடு செயலிழந்தது. காதலராக இருந்த நடிகர் பியர் பிங் தன் ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்ததால் உயிர் தப்பினார். அதே குளிசையை எடுத்த இன்னொரு சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இறந்துபோனார். சோதித்துப் பார்த்தபோது உள்ளே பென்புளூரமின் இருந்தது. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997இலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது.

“கலப்படம்தானே கூடாது, அசல் மூலிகை என்றால் என்ன செய்யும்?” என்று கேட்பீர்கள். பெல்ஜியத்தைக் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரத்து மெலிவுச் சிகிச்சை நிலையம் ஒன்றில் சீன மூலிகைத் தூள் கொடுத்தார்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டொலோக்கியா என்ற வேறொன்று மாறிப் போய்விட்டது. நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் பழுதாகியது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கவேண்டி வந்தது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அது அசல் மூலிகைதான். சிங்கள ஊர்களில் மீன் ஆணத்துக்குப் போடுகிற கொறுக்காய்ப்புளி சட்டிக்குள் இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. அதையே செறிவாக்கி ‘கார்சீனியா’ என்று குளிசைக்குள் அடைத்து விற்றபோது ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. இப்படிப்பட்ட பார்சலைச் சித்த மருத்துவத்தின் கணக்கில் எழுதவும் கூடாது. கைதடிச் சித்த வைத்தியசாலையில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து தருகிறவரும், முகமே காட்டாமல் பார்சல் அனுப்புகிறவரும் ஒன்றல்ல.

இன்னொன்று இருக்கிறது, பெயரைக் கேட்டவுடனேயே ஓடவேண்டியது: டிஎன்பி. மஞ்சள் நிறத்தில் ஒரு இரசாயனத் தூள். உடல் கட்டும் பொடியள் சிலர் இணையத்தில் தேடி எடுப்பது. 1930களில் அமெரிக்காவில் மெலிவு மருந்தாகப் பரவி, 1938இல் மனிதருக்கு ஆகாதது என்று ஒதுக்கப்பட்டது. உடம்பின் சூடு ஏறிக்கொண்டே போகும், இறக்குவதற்கு மாற்று மருந்து கிடையாது. 2015இல் இங்கிலாந்தில் 21 வயது மாணவி ஒருவர் இணையத்தில் வாங்கிய இந்தக் குளிசையால் இறந்தார்.

இப்போது புதிதாக ஊசி. செமாகுளுடைட், கடைப்பெயர் ஒசெம்பிக். நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற மச்சாள் தன் கைப்பையில் கொண்டுவந்து தருகிற ஊசிப் பேனை மருந்தாகாது. பாவிக்கத் தொடங்குமுன் 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்கவேண்டியதை விமானத்திலும் வாகனத்திலும் எத்தனை மணிநேரம் வேகவைத்தார்களோ! 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி ஒசெம்பிக் பற்றி எச்சரிக்கை விட்டது. பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றிலும் போலி அகப்பட்டிருந்தது. அங்கேயே போலி புகுந்தால் இங்கே கையிலிருந்து கைக்கு மாறுகிற பேனைக்கு யார் உத்தரவாதம்? அம்மாவின் தைரொயிட் குளிசையை இரண்டு இரண்டாக விழுங்குவது, நீர் போகும் குளிசை எடுத்து “ஒரு கிலோ குறைந்தது” என்று துள்ளுவது, இவையும் இதே வரிசைதான். குறைந்தது தண்ணீர். கூடவே பொட்டாசியமும் இறங்கும், அது இறங்கினால் இதயத்துடிப்பு தாளம் தப்பும்.

சரி, நிறை ஏன் நின்றது? பெரும்பாலும் உடம்பில் கோளாறே இல்லை. முதல் மாதம் போன மூன்று கிலோவில் நல்ல பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராமளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும், சாப்பாட்டைக் குறைத்தவுடன் இரண்டும் சேர்ந்து போகும். அதற்குப் பிறகுதான் கொழுப்பின் முறை, அது மெல்லத்தான் போகும். இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு விடிய நிறை பார்த்தால் உப்புப் பிடித்த தண்ணீரே ஒரு கிலோ காட்டும், பயப்பட வேண்டாம்.

உடம்பும் சும்மா இராது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடுமையாக மெலிந்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள், 2016இல் வெளிவந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிப்பது, எரிக்கவேண்டிய அளவைவிட நாளுக்கு 500 கலோரியளவு குறைவாக இருந்தது. பட்டினி கிடந்து அவசரமாக மெலிகிறவருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை வேண்டாம்.

மற்றக் காரணம் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். “நான் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் மெலியவில்லை” என்ற பத்துப் பேரை நியூயோர்க்கில் ஆராய்ந்து 1992இல் எழுதினார்கள். உண்மையில் உண்டதில் 47 வீதம் அவர்கள் சொன்ன கணக்கில் வரவில்லை, செய்த உடற்பயிற்சியை ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, வாய்க்குள் போனது நினைவில் நிற்கவில்லை. எங்கள் குசினியில் அது எங்கே ஒளிந்திருக்கிறது? சொதிக்கு விட்ட தேங்காய்ப்பாலில், புட்டுக்குப் போட்ட பூவில், பிள்ளை மிச்சம் விட்ட பாணில், பொரித்த எண்ணெயில். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அரை மணி நேர நடையில் எரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நடந்து திரும்புகிற வழியில் பால் தேத்தண்ணியும் ஒரு மீன் ரோல்ஸும் எடுத்தால் நடை கணக்கில் கழிந்துபோகும். குருநகருக்குக் கரையூர் என்று பெயர் இருந்த நாளில் துடுப்பு வலித்தவரும் வலை இழுத்தவரும் உண்ட சோற்றை, தொடர்மாடியில் இருந்தபடி போனைத் தட்டுகிறவரும் உண்டால் எங்கே போய் முடியும்?

உண்மையிலேயே அளவாக உண்டும் குறையவில்லை, களைப்பும் குளிரும் முடி கொட்டுவதும் இருக்கிறது என்றால் தைரொயிட் பரிசோதனை செய்யுங்கள். மாதவிலக்கு தவறினால், முகத்தில் முடி வந்தால் சூலக நீர்க்கட்டியைச் சோதிக்கக் கேளுங்கள். இன்சுலின், கிளிக்லசைட், பிரெட்னிசொலோன், சில மனநல மருந்துகளும் நிறையைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த நாலு கிலோ போகத்தான் வேண்டுமா என்பதையும் பாருங்கள். ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டி 23ஐத் தாண்டினால் கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு அது 59 கிலோவளவு. தராசைவிட அளவு நாடா பயன்தரும்: பெண்ணுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றருக்கும், ஆணுக்கு 90க்கும் உள்ளே இருக்கவேண்டும். நிறை அசையாமல் நின்றும் இடுப்பு குறைந்துகொண்டே வந்தால் உங்கள் நடை வேலை செய்கிறது. முயற்சியே செய்யாமல் நிறை தானாகக் குறைந்தால்தான் உடனே வைத்தியரிடம் ஓடவேண்டும், அது நீரிழிவாகவோ காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம்.

விளம்பரம் பார்த்து வாங்கிய மெலிவுக் குளிசையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு சொல். இன்றே நிறுத்துங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால், நெஞ்சு படபடத்து அடங்காமல் இருந்தால், காய்ச்சல்போல உடம்பு கொதித்தால் விடியட்டும் என்று பொறுக்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். குருநகரிலிருந்து பெரியாஸ்பத்திரி தூரமும் இல்லை. வெட்கத்தில் போத்தலை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதை வைத்தியர் கண்டுபிடிக்க அது உதவும்.